வெள்ளை மூடிக் கோப்பை

ஒரு முழுச் சமையற்கட்டையே, எரிகிற அடுப்பும் கொதிக்கிற அண்டாவும் அதில் வேலை பார்த்த எட்டுப் பெண்களுமாக, தன்னந்தனியாகக் கயிற்றில் கட்டி இழுத்துக் கொண்டுபோய்ச் சேற்றில் தள்ளிய ஒருத்தியை எனக்குத் தெரியும். சரி, அடுப்பும் அண்டாவும் நான் சேர்த்தவை. தன்னந்தனியாக என்பதும் கொஞ்சம் அதிகம். அவள் பக்கத்திலும் எட்டுப் பேர் இருந்தார்கள். சேறுகூடப் பெரிய சேறு இல்லை, முந்தின நாள் தூறலில் நனைந்த மண். மற்றபடி கயிறு உண்மை, எதிரே நின்ற எட்டுப் பெண்கள் உண்மை, அந்த எட்டில் கடைசி ஆளாகக் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு நின்றவள் இவளுடைய சொந்த நாத்தனார் என்பது எல்லாவற்றையும்விட உண்மை.

இவளை எல்லோரும் மூட்டை என்பார்கள். அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதுதான் கதையே. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கட்டில் வேலை. எங்கள் கட்டடத்தில் மாடியில் குடியிருக்கிறாள், நான் கீழ்வீடு. வேலை முடிந்து வந்தால் நேரே படியேற மாட்டாள். என் வீட்டு வாசலில் செருப்பை உதறிவிட்டு, கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, அன்றைக்கு யார் யாரை என்ன சொன்னார்கள் என்பதை ஒப்பித்துவிட்டுத்தான் மேலே போவாள். ஆகவே நான் எழுதுவதில் பாதி அவள் வாயால் கேட்டது, பாதி நான் கண்ணால் பார்த்தது. எதிலும் சேராத ஒரு கால் பங்கும் இருக்கும். கணக்கு உதைக்கிறது என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

சலவைக்கட்டு ஆஸ்பத்திரியின் பின்புறம், சமையற்கட்டுக்கு எதிரே. நடுவில் ஒரு முற்றம். வார்டுகளிலிருந்து அழுக்கு விரிப்புகள் முடிச்சு முடிச்சாக வந்து இறங்கும். பிரித்து, கறை பார்த்து, இயந்திரத்தில் போட்டு, எடுத்து, பிழிகிற இயந்திரத்துக்கு மாற்றி, பிறகு சூட்டு உருளையில் கொடுத்து, மறுபக்கம் வரும்போது இரண்டு பெண்கள் ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து, எதிரெதிரே நடந்து வந்து மடிப்பார்கள். உலர்ந்த விரிப்பை யாரும் தூக்கலாம். ஈர விரிப்பு வேறு ஜாதி. நாலு படுக்கை விரிப்பு நனைந்துவிட்டால் ஒரு ஆளைத் தூக்குவதுபோல இருக்கும். உருளைக்கு மிஞ்சிய ஈர விரிப்பைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தைக் கடந்து துணிக்கொடிக்குப் போகிறவள் அந்தக் கட்டில் இவள் ஒருத்திதான்.

கல்யாணத்தின்போது கொடி போல இருந்தாள், பிறகுதான் பெருத்தாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். இல்லை. சின்ன வயசிலிருந்தே நல்ல உடம்பு. அப்பா போனதும் படிப்பை விட்டுவிட்டு மடிப்பு மேஜைக்கு வந்தாள். அப்போதும் அதே உடம்பு. அதற்காகவே அவளைப் பெண் கேட்டுப் போனது யார் தெரியுமா? நாத்தனார்தான். எதிரே சமையற்கட்டு ஜன்னலில் நின்றபடி, இந்தப் பெண் ஈர விரிப்பைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்து, என் தம்பிக்கு இப்படி உழைக்கிற உடம்புதான் வேணும் என்று தானே போய்ப் பேசி முடித்தாள். அதே உடம்பு சில வருஷம் போனதும் அவள் கண்ணை உறுத்த ஆரம்பித்தது. வீட்டுக்கு வந்தால் தம்பி பெண்டாட்டியின் முகத்தைப் பார்க்குமுன் தட்டைப் பார்ப்பாள்.

நாத்தனாருக்குப் பெரிய கரண்டி என்று பெயர். அவள் காதுபடச் சொல்கிறவர்கள் இல்லை. சமையற்கட்டின் தலைவி. ஆஸ்பத்திரியில் உயிரைப் பிடித்து நிறுத்துகிற பெரிய டாக்டர்கூட மத்தியானம் அவள் முன்னால் தட்டை நீட்டித்தான் ஆகவேண்டும். பிடித்தவர்களுக்குக் கரண்டி ஆழமாக இறங்கும், பிடிக்காதவர்களுக்கு மேலாக நீந்திவிட்டு வரும். அவளுடைய தம்பி, அதாவது மூட்டையின் வீட்டுக்காரர், ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர். தெருவில் அத்தனை வண்டியையும் ஒதுங்க வைத்துப் போகிற மனிதர், அக்கா வீட்டுக்குள் வந்தால் தானே ஓரமாக ஒதுங்கிவிடுவார்.

இனி அந்தச் சம்பவம்.

ஆஸ்பத்திரியில் வருஷத்துக்கு ஒருமுறை ஊழியர்களுக்கு விளையாட்டுப் போட்டி வைப்பார்கள். கடைசியில் கயிறு இழுத்தல். ஒரு அணிக்கு எட்டுப் பேர், எட்டுப் பேரின் எடையும் கூட்டினால் இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று ஒரு வரம்பு. அதுவரை சமையற்கட்டும் சலவைக்கட்டும் சேர்ந்து ஒரே அணி. நாத்தனார் தலைவி. நம்முடையவள் கயிற்றின் கடைசி ஆள். கடைசி ஆள்தான் அணிக்கு நங்கூரம். கனத்த ஆளைத்தான் அங்கே நிறுத்துவார்கள். வருஷம் முழுக்க ஒளித்து வைத்துக்கொள்ள வேண்டியிருந்த உடம்பு அந்த ஒரு நாள் மட்டும் நாலு பேர் முன்னால் பெருமையாக நிற்கும். அவளுக்கு அது பிடிக்கும் என்று யாரிடமும் சொன்னதில்லை. நான் கண்டுபிடித்தேன்.

அந்த வருஷம் எடை பார்க்கிற இயந்திரம் கெட்டுக் கிடந்தது. சமையற்கட்டிலிருந்து உருளைக்கிழங்கு மூட்டை நிறுக்கும் தராசைத் தூக்கி வந்து முற்றத்தில் போட்டார்கள். ஒவ்வொருத்தியாக ஏறி இறங்கினார்கள். கடைசியில் இவள் ஏறினாள். கூட்டிப் பார்த்தால் வரம்பைக் கொஞ்சம் தாண்டிவிட்டது. யாரை விடுவது என்று பேச்சு எழுவதற்குள் நாத்தனார் முன்னால் வந்து, தராசின் தண்டில் தட்டிவிட்டுச் சொன்னாள்:

"இந்த மூட்டைய எறக்கி வெச்சா கணக்கு சரியாப் போயிடும்."

முற்றமே சிரித்தது. நர்சுகள் சிரித்தார்கள். சிரிக்கத் தெரியாது என்று பெயர் வாங்கிய கண் டாக்டர் சிரித்தார். ஆம்புலன்ஸ் வண்டியில் சாய்ந்து நின்ற வீட்டுக்காரரும் சிரித்துவிட்டார். அவள் இறங்கினாள். நாத்தனார் அவள் கையில் ஒரு தண்ணீர்க் குடத்தைக் கொடுத்து, இழுத்துக் களைத்தவர்களுக்கு ஊற்றச் சொன்னாள். அன்றைக்கு அணி தோற்றிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். அவள் இல்லாமலே ஜெயித்துத் தொலைத்தார்கள். எடுத்த படத்தில் ஓரத்தில் ஒரு குடமும் பாதிக் கையும் தெரியும். அந்தக் கை இவளுடையது. மறுநாள் காலையில் வார்டுப் பையன் முதல் மருந்துக்கடைக்காரர் வரை அவளுக்குப் பெயர் மூட்டை.

வீட்டுக்காரர் இராத்திரிச் சாப்பாட்டின்போது, அக்கா விளையாட்டுக்குத்தானே சொன்னாள் என்றாராம். அவருக்கு அன்றைக்குச் சோறு கிடைத்தது, கூடத் தொட்டுக்கொள்ள ஒன்றும் கிடைக்கவில்லை.

என்னிடம் வந்தபோது அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, நிதானமாக, கறை பார்க்கிற முகத்தோடு சொன்னாள்:

"அடுத்த வருஷம் அவங்கள அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போடணும் பாட்டி. மூஞ்சி மண்ணுல படணும். எல்லாரும் பாக்கணும்."

வேறு யாராவது பெரியவளாக இருந்திருந்தால் உறவு, பொறுமை என்று ஏதாவது சொல்லியிருப்பாள். நான் கொஞ்சம் யோசித்துவிட்டு, விஷம் வைப்பதைவிட இது நாகரிகமான காரியம்தான் என்று சொன்னேன்.

முதல் வேலையாகச் சலவைக்கட்டு தனி அணியாகப் பிரிந்தது. அங்கே இருந்த மற்ற பெண்கள் காற்று அடித்தால் விரிப்போடு சேர்ந்து பறந்துவிடுகிற ரகம். எடை வரம்புக்குத் தொல்லை இல்லை, இழுப்பதற்குத்தான் ஆள் இல்லை. இழுவை முழுக்க இவளிடமிருந்து வரவேண்டும். இவளோ அந்தப் பெயர் பொறுக்காமல் அவசரப்பட்டு எடையைக் குறைக்கிறேன் என்று சோற்றை நிறுத்தினாள், எல்லாவற்றையும் நிறுத்தினாள், வெறும் காய் வேகவைத்த தண்ணீரைக் குடித்துக்கொண்டு திரிந்தாள். சூட்டு உருளைக்குப் பக்கத்தில் மயங்கி விழுந்தாள். தூக்கிக்கொண்டு போய் உணவியல் டாக்டரம்மாவின் அறையில் படுக்க வைத்தார்கள். பழி வாங்கக் கிளம்பியவளுக்கு வழி அங்கேதான் திறந்தது.

டாக்டரம்மா அப்போது ஓர் ஆராய்ச்சிக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். உடம்பு பெருத்த பெரியவர்களுக்கு முறையான உடற்பயிற்சி கொடுப்பது. கூடவே எல்லோருக்கும் ஒரே அளவு புரோட்டீன். பாதிப் பேருக்குப் பாலிலிருந்து எடுத்த பொடி, பாதிப் பேருக்குப் பட்டாணியிலிருந்து எடுத்த பொடி. எது அதிகம் உதவுகிறது என்று பார்ப்பது. சோற்றை நிறுத்தினால் கொழுப்போடு சதையும் சேர்ந்து கரையும், சதை கரைந்தால் பலம் எங்கிருந்து வரும் என்று டாக்டரம்மா கேட்டதும் இவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். பலம் என்ற ஒரு சொல்லைத்தான் அவள் காது பிடித்துக்கொண்டது.

கோப்பைகளுக்கு வெள்ளை மூடி, மஞ்சள் மூடி. இவளுக்கு வெள்ளை. எந்த மூடிக்குள் எந்தப் பொடி என்று குடிக்கிறவர்களுக்கும் தெரியக்கூடாது, அளந்து பார்க்கிற டாக்டரம்மாவுக்கும் தெரியக்கூடாது. தெரிந்தால் மனசு உடம்பை ஏமாற்றிவிடும் என்றார். பிறகு யாருக்குத்தான் தெரியும் என்று இவள் கேட்டாள். கலக்கிக் கொடுக்கிற சமையற்கட்டுத் தலைவிக்கு மட்டும் என்று பதில் வந்தது.

அன்றைக்கு மாலை என் கூடத்தில் உட்கார்ந்து, உலகத்தில் வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று அவள் புலம்பியது இன்னும் காதில் இருக்கிறது.

பயிற்சி, ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் ஒரு பழைய சாமான் அறையில் நடந்தது. பயிற்சி கொடுக்கிற தம்பிக்கு ஓய்வு என்றால் என்னவென்றே தெரியாது. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, ரப்பர் பட்டையைச் சுவரில் மாட்டி இழுப்பது, இரும்பு எடையைத் தரையிலிருந்து எடுத்து நிமிர்வது, வேகமாக நடப்பது. முதல் வாரம் இவள் என் வீட்டு வாசற்படியையே தவழ்ந்து ஏறினாள். ரப்பர் பட்டையை இழுக்கும்போது மட்டும் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தாள். மறுமுனையில் யார் இருப்பதாக நினைத்துக்கொண்டாள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

கூடவே பயிற்சிக்கு வந்தவர்களில் வாசல் காவலர் ஒருவர். பெருவயிற்றுக்காரர், அவருக்கும் வெள்ளை மூடி. ஒரு நாள் கோப்பையைக் காலி செய்துவிட்டு உதட்டை நக்கிக்கொண்டே, ஐஸ்கிரீம் மாதிரி என்ன வாசம் பாத்தியா என்றார். இவளுடைய கோப்பையில் அப்படி எந்த வாசமும் இருந்ததில்லை. ஊறவைத்த பட்டாணியின் பச்சை வாடைதான். அவருடைய கோப்பையின் அடியில் ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தாள். பால். ஒரே வெள்ளை மூடி, உள்ளே வேறு வேறு.

மறுநாள் கோப்பை கலக்கிற நேரத்துக்கு ஈர விரிப்புகளைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்துக்கு வந்து, கொடியில் தொங்கவிட்ட விரிப்புக்குப் பின்னால் நின்று பார்த்தாள். சமையற்கட்டு ஜன்னலுக்குள் நாத்தனார், வெள்ளை மூடிக் கோப்பைகளில் இவளுடையதைத் தேடி எடுத்தாள். உள்ளே இருந்ததைத் தன் சொந்த டம்ளரில் ஊற்றினாள். சர்க்கரை போட்டுக் கலக்கினாள். நின்றபடியே குடித்தாள். பிறகு காலிக் கோப்பையில் மற்ற டப்பாவிலிருந்து பட்டாணிப் பொடியை அள்ளிப் போட்டுத் தண்ணீர் விட்டு, வெள்ளை மூடியை அழுத்தி மூடினாள்.

அவள் கணக்கு எளிது. பால் உசத்தி, பட்டாணி மட்டம். உசந்ததைத் தான் குடித்தால் தனக்குப் பலம் வரும், உடம்பும் இளைக்கும்; மட்டமானதைக் குடிக்கிற மூட்டை மூட்டையாகவே இருப்பாள்.

"பாலெல்லாம் அவங்க குடிச்சிட்டு எனக்குப் பட்டாணியக் கரைச்சு ஊத்தறாங்க பாட்டி. வருஷம் முழுக்கப் பட்டாணி குடிச்சுட்டு நான் எங்க இழுக்கறது?"

டாக்டரம்மாவிடம் போய்ச் சொல் என்றேன். சொன்னால் ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிடுவார்கள், பயிற்சி அறைக்கு அப்புறம் போகமுடியாது என்றாள். அதுவும் சரிதான். அப்படியானால் பயிற்சித் தம்பியிடம் நைசாகக் கேட்டுப் பார், பாலா பட்டாணியா என்று யோசனை சொன்னேன். என் பங்குக்கு நான் சொன்னது அவ்வளவுதான். மீதியெல்லாம் அவள் மூளை.

அவள் கேட்டாள். தம்பி சிரித்துவிட்டு, அதைத்தானே ஆராய்கிறோம், ஆனால் என் கண்ணுக்கு இதுவரை ஆளைப் பார்த்து மூடியைச் சொல்ல முடியவில்லை, ஒழுங்காக வந்து எடை தூக்குகிறவர்கள் எந்த மூடியானாலும் தேறுகிறார்கள் என்றான். இவள் போகிற போக்கில் கேட்பதுபோல இன்னொன்று கேட்டாள்:

"பயிற்சியே பண்ணாம, சாப்பாட்டையும் குறைக்காம, இதையும் சேத்துக் குடிச்சா?"

"சாப்பாட்டுக்கு மேல ஒரு சாப்பாடுக்கா. உடம்புல போய் உக்காந்துக்கும்."

அன்று மாலை அவள் என் வாசற்படி ஏறி வந்த சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. முகத்தில் அப்படி ஒரு அமைதி. பெரிய கறை ஒன்று முழுசாகப் போனதைப் பார்த்தவள் போல இருந்தாள்.

அதிலிருந்து அவள் பட்டாணியை ஒரு முகச்சுளிப்பும் இல்லாமல் குடித்தாள். விடுமுறை நாட்களில் குடும்பமாக நாத்தனார் வீட்டுக்குச் சாப்பிடப் போவார்கள். அங்கே உட்கார்ந்து, அந்த வெள்ளை மூடியை வானளாவப் புகழ்ந்தாள். குடித்ததும் உடம்பு பஞ்சு மாதிரி ஆகிவிடுகிறது, முட்டி வலி எங்கே போனதென்று தெரியவில்லை, இன்னொரு கோப்பை கேட்டால் தர மாட்டேன் என்கிறார்கள். பயிற்சிதான் வீணாகப் போட்டு வாட்டுகிறது, அது இல்லாமலே இந்தப் பலன் வந்திருக்கும். வீட்டுக்காரர் வாயைத் திறந்து, பயிற்சி ரொம்ப முக்கியம்னு அந்தத் தம்பி என்று ஆரம்பித்தார். அவர் தட்டில் குழம்பு ஏராளமாக விழுந்தது, பேச்சு நின்றது.

பட்டாணிக்கே இவ்வளவு என்றால் பாலுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டிருப்பாள் போல, அடுத்த வாரமே நாத்தனாரின் டம்ளர் பெரிசாகிவிட்டது என்று கொடிக்குப் பின்னாலிருந்து சேதி வந்தது.

ஆனால் ஒரு சங்கடம். சமையற்கட்டுத் தலைவிக்கு வெள்ளைக் கோட்டு உண்டு. அதன் பொத்தான் இழுக்க ஆரம்பித்தது. பொத்தானை ஒருத்தி எத்தனை நாள் கவனிக்காமல் இருப்பாள்? நாத்தனார் சலவைக்கட்டின் வாசலில் வந்து நின்று, என் கோட்டைச் சுடுதண்ணீரில் போட்டுச் சுருக்கிவிட்டீர்கள் என்று சத்தம் போட்டாள். மூட்டை கையைக் கட்டிக்கொண்டு, தப்பு எங்களதுதான் அண்ணி, சரி பண்ணித் தர்றோம் என்றாள். சலவைக்கட்டில் கிழிந்ததைத் தைக்க ஒரு தையல்காரம்மா உண்டு. அவரிடம் கோட்டைக் கொடுத்து, பக்கத் தையலைப் பிரித்துக் கொஞ்சம் விட்டுத் தைக்கச் சொன்னாள். அதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு முறை கோட்டு வெளுக்க வந்தபோதும், கேட்காமலே, இம்மி இம்மியாக விட்டுத் தைத்து அனுப்பினார்கள். உள்மடிப்பில் இருந்த துணி தீர்ந்ததும் பழைய கோட்டிலிருந்து ஒரு பட்டை வெட்டிக் கைக்குழிக்குக் கீழே இருபக்கமும் ஒட்டுப் போட்டார்கள். கஞ்சி போட்டு உருளையில் தேய்த்துக் கொடுத்தால் ஒட்டு இருப்பது தடவிப் பார்த்தால்கூடத் தெரியாது.

ஒரு நாள் நாத்தனார் கோட்டின் முன்பக்கத்தைப் பிடித்து ஆட்டிக்காட்டினாளாம்.

"பாத்தியா, எனக்கே தொளதொளங்குது. உனக்குத்தான் ஒண்ணும் குறையல."

உண்மையில் இவளுக்குத் தராசில் அவ்வளவாகக் குறையத்தான் இல்லை. அதில் அவளுக்கு ஒரு நாள் மனசு உடைந்தும் போயிற்று. டாக்டரம்மா அவளை உட்கார வைத்து, கொழுப்பு போயிருக்கிறது, அந்த இடத்தில் சதை ஏறியிருக்கிறது, தராசுக்கு இரண்டும் ஒன்றுதான், இடுப்பை அளந்த நாடாவைப் பார் என்று விளக்கினார். அவள் நாடாவைப் பார்க்கவில்லை. நேரே சலவைக்கட்டுக்குப் போனாள். இரண்டு பேர் சேர்ந்து தள்ளுகிற ஈரத் தள்ளுவண்டியை ஒற்றை ஆளாக, வாசல் மேட்டின் மேல் ஏற்றி, மறுபக்கம் இறக்கி, திரும்ப ஏற்றிக்கொண்டு வந்தாள். போதும் என்று தோன்றியது.

மற்ற பெண்களையும் சும்மா விடவில்லை. வேலை நடுவிலேயே விரிப்பைக் கயிறாக முறுக்கி, தூணில் கட்டி, இழுக்கப் பழக்கினாள்.

போட்டிக்கு முந்தின வாரம், ஆராய்ச்சி முடிந்துபோய், மத்தியான நேரத்தில் ஆஸ்பத்திரிச் சாப்பாட்டுக் கூடத்தில் வைத்தே டாக்டரம்மா முடிவைச் சொன்னார். பங்கெடுத்தவர்களுக்கு நன்றி என்று ஆரம்பித்து, இரண்டு கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை என்றார். பால் குடித்தவர்களும் தேறியிருக்கிறார்கள், பட்டாணி குடித்தவர்களும் அதே அளவுக்குத் தேறியிருக்கிறார்கள். வித்தியாசம் தெரிந்தது பயிற்சிக்கு ஒழுங்காக வந்தவர்களுக்கும் டிமிக்கி கொடுத்தவர்களுக்கும் நடுவில்தான். காவலர் தலையைக் குனிந்துகொண்டார்.

நாத்தனார் அப்போது பரிமாறிக்கொண்டிருந்தாள். வரிசையில் மூட்டை நின்றாள். தட்டை நீட்டினாள். பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில், ரொம்ப மரியாதையாகச் சொன்னாள்:

"எனக்குப் பட்டாணி நல்லா ஒத்துக்கிச்சு அண்ணி. பால் உங்களுக்கு ஒத்துக்கிச்சா?"

கரண்டி அண்டாவுக்கும் தட்டுக்கும் நடுவில் நின்றுவிட்டது. அதிலிருந்து சொட்டுச் சொட்டாக மேஜையில் விழுந்துகொண்டிருந்ததாம். மூட்டை காத்திருந்து பார்த்துவிட்டு, வெறும் தட்டோடு நகர்ந்தாள். அன்றைக்குச் சாப்பிடாத அந்தச் சாப்பாட்டைப்போல ருசியான சாப்பாடு தன் ஆயுளில் கிடையாது என்று என்னிடம் சொன்னாள்.

சாயங்காலமே டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டாள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். இவளுடைய அளவுகளை நீக்கிவிட்டுத் திரும்பக் கணக்குப் போட்டுப் பார்த்தார், முடிவு மாறவில்லை. பிறகு சமையற்கட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நாத்தனாரிடம் பேசினார். என்ன பேசினார் என்று தெரியாது. கதவு திறந்தபோது நாத்தனாரின் காது மடல் வரை சிவந்திருந்ததாகப் பாத்திரம் துலக்குகிற பெண் சொன்னாள். ஆக, போட்டி நாளில் வஞ்சம் கயிற்றின் இரண்டு முனையிலும் இருந்தது.

அன்றைக்கு நானும் போயிருந்தேன். என்னை முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். எடை பார்க்கிற நேரம் வந்தது. அதே கிழங்குத் தராசு. சலவைக்கட்டு அணி வரம்புக்குள் சௌகரியமாக அடங்கியது. சமையற்கட்டு அணியில் கடைசியாக நாத்தனார் ஏறினாள். முள் போனது, போய்க்கொண்டே இருந்தது. அவள் முள்ளைப் பார்த்தாள், பிறகு தொளதொளத்த தன் கோட்டைப் பார்த்தாள். தராசு கெட்டுப்போச்சு என்றாள். ஒரு கிழங்கு மூட்டையைத் தூக்கி வைத்துப் பார்த்தார்கள். தராசு சரியாக இருந்தது. கோட்டின் கைக்குழியைத் தடவிக்கொண்டே சலவைக்கட்டின் பக்கம் அவள் பார்த்த பார்வையில், வெளுக்கப் போட்டிருந்த துணியெல்லாம் தானாக உலர்ந்திருக்கும்.

வரம்பு தாண்டிவிட்டது. ஒருத்தி விலக வேண்டும். போன வருஷம் சிரித்த அத்தனை பேரும் மூட்டையின் வாயைப் பார்த்தார்கள். அந்த வாக்கியம் அவள் நாக்கு நுனியில் இருந்தது எனக்குத் தெரியும். வருஷம் முழுக்க என் கூடத்தில் அதை விதவிதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். அவள் சொல்லவில்லை. நடுவரிடம் போனாள்.

"அதிகமாவே இருக்கட்டும் சார். எங்களுக்குப் பரவால்ல. அண்ணி இல்லாம நாங்க இழுக்க மாட்டோம்."

கைதட்டல் எழுந்தது. கண் டாக்டர், என்ன பெருந்தன்மை என்று பக்கத்து ஆளிடம் சொன்னார். எனக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாகிவிட்டது. தராசிலிருந்து இறங்கித் தண்ணீர்க் குடத்தோடு ஓரமாக ஒதுங்குகிற வழி நாத்தனாருக்கு ஒன்று இருந்தது, அதையும் அடைத்துவிட்டாள். இத்தனை கைதட்டலுக்குப் பிறகு எப்படி விலகுவது? நாத்தனார் கயிற்றின் கடைசிக்குப் போனாள். இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றி, தோளுக்கு மேலே எடுத்துப் பிடித்தாள். மறுகோடியில் மூட்டையும் அப்படியே செய்தாள். நடுவில் பதினான்கு பெண்கள், சுண்ணாம்புக் கோடு, ஈர மண்.

விசில் ஊதியதும் சமையற்கட்டு ஒரே வெட்டாக இழுத்தது. சலவைக்கட்டுப் பெண்கள் முன்னால் சரிந்தார்கள். நாத்தனாருக்கு எடை இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. பின்னால் சாய்ந்தால் ஒரு அலமாரி சாய்ந்த மாதிரி. மூட்டை குதிகாலை மண்ணில் புதைத்து, நாற்காலியில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தாள். அங்கேயே நின்றாள். கயிறு முறுகுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் அசையவில்லை. பிறகு நாத்தனாருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மூட்டைக்கு வாங்கவில்லை. அவள் நாற்காலியிலிருந்து எழுந்தாள், கை ஊன்றாமல். திரும்ப உட்கார்ந்தாள், ஓர் அடி பின்னால். எழுந்தாள், உட்கார்ந்தாள். சலவைக்கட்டுப் பெண்கள் விரிப்பு மடிக்கிற தாளத்தில் கால் மாற்றினார்கள். எதிரே ஒவ்வொருத்தியாகச் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி வந்தார்கள். கடைசியாக வந்த நாத்தனார் வழுக்கி, குப்புற, முகம் மண்ணில் அழுந்த, கோட்டைத் தாண்டினாள். இருபக்கத்து ஒட்டுகளும் பிரிந்து, வெள்ளைக் கோட்டு இறக்கை விரித்தாற்போலக் கிடந்தது.

நடுவர் விசில் ஊதினார். முற்றம் அதிர்ந்தது. மூட்டை உடனே கயிற்றைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். நாத்தனாருக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். தன் முந்தானையால் அவள் முகத்து மண்ணைத் துடைத்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கண் கலங்கினார்கள். வஞ்சமெல்லாம் அந்த ஈர மண்ணிலேயே கரைந்துபோயிற்று.

இவ்வளவையும் எழுதி முடித்து, எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற மூட்டைக்கு இப்போதுதான் வாசித்துக் காட்டினேன். கடைசிப் பத்தி வரை தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். அதற்குமேல் ஆட்டவில்லை.

"கை குடுத்தேனா? நான் எங்க பாட்டி குடுத்தேன்? விசில் ஊதினதும் எல்லாரும் கயித்த விட்டுட்டாங்க, நான் விடல. கயிறு அவங்க இடுப்புலதான சுத்தியிருந்துச்சு. நடுவர் வந்து என் கையப் புடிக்கிற வரைக்கும் இன்னும் கொஞ்ச தூரம் இழுத்துட்டுத்தான் வந்தேன்."